தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது?

அம்மாவுக்குத் தைராய்டு. சித்திக்கு முடக்குவாதம். இப்போது மகளுக்கு முகத்தில் சிவந்த தடிப்பு, மூட்டு வலி, சிறுநீரில் புரதம். லூபஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் முதலில் கேட்பது, "இது பரம்பரையா?" என்றுதான். ஆமாம் என்று சொன்னாலும் பாதி தப்பு, இல்லை என்று சொன்னாலும் பாதி தப்பு. இந்த நோய்களில் உடலைத் தாக்கும் எதிர்ப்பொருளை யாரும் பெற்றோரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. அதற்கான ஜீன் அந்த மனிதரின் எலும்பு மஜ்ஜையில், அவர் வாழ்நாளில், புதிதாக உருவாகிறது. பெற்றோர் தருவது அந்த ஜீனைச் சேர்த்துக் கட்டத் தேவையான துண்டுகளும், தவறாகக் கட்டப்பட்டதைப் பிடித்து நிறுத்தும் காவலும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் இந்த ஆட்டோ இம்யூன் நோய்களைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கு, எதிர்ப்பொருள் எப்படி உருவாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, ஒரு புரதம். வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் அதைத் தங்கள் மேற்பரப்பில் தாங்கி நிற்கின்றன; அவற்றின் வாரிசுகளான பிளாஸ்மா செல்கள் அதைச் சுரக்கின்றன. ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போன்ற வடிவம். பெரிய சங்கிலி இரண்டு, சிறிய சங்கிலி இரண்டு, ஆக நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. இந்த அமைப்பைப் பிரித்துக் காட்டியதற்காக ஜெரால்ட் எடெல்மன், ராட்னி போர்ட்டர் இருவருக்கும் 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒய்யின் இரு கை நுனிகளும்தான் கிருமியைப் பற்றும் இடம். அந்த நுனி ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, செல்லுக்குச் செல் வேறுபடும். கால் பகுதியில் சில வகைகள்தான் உண்டு. பிடித்ததை என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கால் தீர்மானிக்கிறது.

இங்கேதான் ஒரு பெரிய புதிர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஒன்றைக் காட்டியிருந்தார்: இயற்கையில் எங்கும் இல்லாத, ஆய்வகத்தில் செய்த ஒரு வேதிப்பொருளை ஒரு புரதத்தோடு ஒட்டி விலங்குக்கு ஊசி போட்டால், அதற்கும் அந்த விலங்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. பார்த்தே இராத பொருளுக்கு எதிர்ப்பொருளா? புரதம் செய்ய ஜீன் வேண்டும். மனிதருக்கு இருப்பதே சுமார் 20,000 புரத ஜீன்கள். கோடிக்கணக்கான வடிவங்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களுக்குத் தனித்தனி ஜீன் வைக்க இடமே இல்லை.

வெட்டி ஒட்டும் ஜீன்

இதற்கு விடை சொன்னவர் ஜப்பானைச் சேர்ந்த சுசுமு டோனெகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நோய்த்தடுப்பியல் ஆய்வு நிறுவனத்தில் அவரும் நோபுமிச்சி ஹோசுமியும் செய்த சோதனை 1976-ல் வெளிவந்தது. யோசனை எளிமையானது. எலிக் கருவின் டி.என்.ஏ. ஒரு பக்கம்; எதிர்ப்பொருள் சுரக்கும் எலிப் புற்றுச் செல்லின் டி.என்.ஏ. இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நொதியால் துண்டு துண்டாக வெட்டி, நீளப்படி பிரித்து, எதிர்ப்பொருள் ஜீனின் பகுதிகள் எந்தத் துண்டில் இருக்கின்றன என்று தேடினார்கள். கருவில் அந்த ஜீனின் இரண்டு பகுதிகளும் வெவ்வேறு துண்டுகளில் இருந்தன. எதிர்ப்பொருள் செய்யும் செல்லில் இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. அதாவது, கருவிலிருந்து பி செல் ஆவதற்குள் டி.என்.ஏ.வே இடம் மாறியிருக்கிறது. உடலின் எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. மாறாமல் இருக்கிறது என்று அதுவரை இருந்த நம்பிக்கை அன்றோடு உடைந்தது. 1987-ன் மருத்துவ நோபல் டோனெகாவா ஒருவருக்கே போனது.

என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பெரிய சங்கிலிக்கான இடம் 14-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே வேலை செய்யக்கூடிய 'வி' துண்டுகள் சுமார் 40, 'டி' துண்டுகள் 23, 'ஜே' துண்டுகள் 6 வரிசையாகக் கிடக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் வளரும் ஒவ்வொரு பி செல்லும் முதலில் ஒரு டி-யையும் ஒரு ஜே-யையும் எடுத்து ஒட்டுகிறது. அப்புறம் ஒரு வி-யை எடுத்து அதன் முன்னால் ஒட்டுகிறது. இடையில் கிடந்தது கழிந்துபோகிறது. சிறிய சங்கிலிக்கும் இதே கதைதான். அதன் துண்டுகள் 2-ஆவது குரோமோசோமிலும் 22-ஆவதிலும் இருக்கின்றன, டி மட்டும் கிடையாது. கணக்குப் போட்டால், பெரிய சங்கிலியில் 40 × 23 × 6, அதாவது 5,520 சேர்க்கைகள். சிறிய சங்கிலியில் முந்நூறு சொச்சம். பெருக்கினால் 17 லட்சத்தைத் தொடும்.

ஆனால் உண்மையான பெருக்கம் ஒட்டும் இடத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு அடையாளக் குறி உண்டு: சி-ஏ-சி-ஏ-ஜி-டி-ஜி என்ற ஏழு எழுத்து, நடுவே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி, அப்புறம் ஒன்பது எழுத்து. ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து இந்தக் குறியைக் கண்டுபிடித்து வெட்டுகின்றன. 12 இடைவெளி உள்ள குறி 23 இடைவெளி உள்ளதோடுதான் சேரும். அதனால் வி-யோடு வி ஒட்டிக்கொள்ளும் விபத்து நடப்பதில்லை. வெட்டுப்பட்ட முனைகளை ஒட்டும் முன் வேறு நொதிகள் சில எழுத்துகளைக் கடித்து எடுக்கின்றன. டி.டி.டி. என்ற ஒரு நொதி, எந்த மூலப்பிரதியையும் பார்க்காமல், தோன்றியபடி புதிய எழுத்துகளைச் சேர்க்கிறது. உங்கள் அப்பாவிடமும் இல்லாத, அம்மாவிடமும் இல்லாத எழுத்துகள் அவை. எதிர்ப்பொருளின் நுனியில் கிருமியை நேராகத் தொடும் மையப்பகுதி சரியாக இந்த ஒட்டுமுனையில்தான் அமைகிறது. இதையும் கணக்கில் சேர்த்தால், உருவாகக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை பத்தாயிரம் கோடியையும் தாண்டும்.

இந்த முறை தாராளமாக வீணடிக்கும் முறை. புரதம் செய்ய எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்க வேண்டும். கண்டபடி எழுத்தைச் சேர்த்தால் மூன்றில் இரண்டு தடவை அந்தக் கணக்குத் தப்பிப்போய்ப் புரதமே வராது. அந்தச் செல் அதே குரோமோசோமின் இன்னொரு பிரதியில் ஒரு முயற்சி செய்யும். அதுவும் தவறினால் செத்துப்போகும். இவ்வளவு வீணானாலும் பரவாயில்லை என்று உடல் இதைச் செய்வதற்குக் காரணம், நாளை வரப்போகும் கிருமி எது என்று ஜீன்களுக்குத் தெரியாது என்பதுதான். ராக் ஜீன்கள் பழுதான குழந்தைகளுக்கு முதிர்ந்த பி செல்லும் டி செல்லும் (இது இன்னொரு வகை வெள்ளணு, டி துண்டோடு தொடர்பில்லை) உருவாவதே இல்லை. சாதாரணக் கிருமியே அவர்கள் உயிருக்கு ஆபத்து. மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யாமல் பிழைப்பது அரிது.

சரி, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் நம் உடலையே பிடிக்கும் எதிர்ப்பொருளும் வராதா? வரும். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷெல் நுசென்ஸ்வைக் குழு ஆரோக்கியமான மனிதர்களின் பி செல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை செய்யும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் தயாரித்துப் பார்த்தது. 2003-ல் வெளிவந்த முடிவின்படி, மஜ்ஜையில் அப்போதுதான் உருவான பி செல்களில் 55 முதல் 75 சதவீதம் வரை உடலின் சொந்தப் பொருள்களைப் பற்றக்கூடியவை. இதை நான் பலமுறை படித்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்றுதான் போகிறேன். தன்னைத் தாக்கும் எதிர்ப்பொருள் எப்போதோ நடக்கும் விதிவிலக்கு இல்லை, தினசரி உற்பத்தியின் பெரும்பகுதியே அதுதான். நாம் நோயில்லாமல் இருப்பது, பிறகு நடக்கும் வடிகட்டலால்.

வடிகட்டலும் மிச்சமும்

மஜ்ஜையில் இருக்கும்போதே உடலின் பொருளை இறுகப் பிடிக்கும் பி செல்லுக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்று தரப்படுகிறது. அது ராக் புரதங்களை மறுபடி இயக்கி, சிறிய சங்கிலியை வேறொரு துண்டுக்கு மாற்றிப் பார்க்கிறது. மாற்றியதும் பிடி விட்டுப்போனால் பிழைக்கும். மாற்றியும் பிடித்துக்கொண்டே இருந்தால் சாகும். மிதமாகப் பிடிப்பவை மஜ்ஜையை விட்டு வெளியே வந்தாலும் மந்தமாக்கப்பட்டு, எதற்கும் அசையாமல் சில நாளில் அழிந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ரத்தத்தில் உலவும், முதிர்ந்தும் இன்னும் கிருமியைச் சந்திக்காத பி செல்களில் ஐந்தில் ஒன்று அளவுக்கு உடலைப் பற்றும் சுபாவம் மிச்சமிருப்பதாக அதே 2003 ஆய்வு காட்டியது. முறத்தில் புடைக்கும்போது கருங்கல் போய்விடும். அரிசி அளவிலேயே இருக்கும் வெள்ளைக் கல் தங்கிவிடும். அதையும் விடாமல் எடுக்க வேண்டுமென்று புடைத்தால் அரிசியும் சேர்ந்து போய்விடும். உடலும் அந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்கிறது. உடலைப் பலவீனமாகப் பற்றும் எல்லாச் செல்லையும் தூக்கி எறிந்தால், கிருமியைப் பிடிக்க ஆள் போதாது.

இதற்கு ஒரு நல்ல சான்று, வி4-34 என்ற துண்டு. 40 வி துண்டுகளில் ஒன்றான இது கிட்டத்தட்ட எல்லா மனிதரிடமும் இருக்கிறது. இதைக் கொண்டு செய்த எதிர்ப்பொருள்கள், எந்த டி-யோடு எந்த ஜே-யோடு சேர்ந்தாலும், சிவப்பணுவின் மேலிருக்கும் 'ஐ' என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றும் இயல்பு கொண்டவை. அந்த அளவில், தன்னைத் தாக்கும் குணம் பரம்பரைத் துண்டிலேயே எழுதியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். குளிர் அக்ளுட்டினின் நோய் வந்தவர்களின் எதிர்ப்பொருளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வி4-34 தான் இருக்கும். குளிரில் அது சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். விரல் நுனியும் மூக்கு நுனியும் நீலம் பாரிக்கும், ரத்தசோகை வரும். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்திலும் இந்த வகை எதிர்ப்பொருள் கூடுதலாகக் காணப்படுகிறது. அப்படியானால் பரிணாமம் இதை ஏன் நீக்கவில்லை? கிருமிகளைப் பிடிப்பதிலும் இந்தத் துண்டு கெட்டி என்பதுதான் காரணமாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் குட்னோவின் குழு காட்டியது என்னவென்றால், மந்தமாக்கி வைக்கப்பட்ட வி4-34 செல்கள், கிருமி வந்ததும் மறுபடி எழுந்து, தங்கள் ஜீனில் மாற்றம் செய்துகொண்டு, உடலைப் பற்றும் குணத்தை இழந்து கிருமியைப் பற்றும் குணத்தைக் கூட்டிக்கொள்கின்றன. கெட்டது என்று ஒதுக்கப்பட்ட செல் திருந்தி வேலைக்கு வருகிறது. ஆட்டோ இம்யூன் ஆபத்தை முழுக்க ஒழிக்க முடியாததற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

செல் தன் ஜீனைத் தானே மாற்றிக்கொள்ளும் அந்த இடத்தை நாம் கையாலேயே தொட்டிருக்கிறோம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில், தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த வீங்கிய நிணநீர் முடிச்சுக்குள்தான் இது நடக்கிறது. கிருமியை ஓரளவு பற்றும் பி செல்கள் அங்கே வேகமாகப் பெருகுகின்றன. அப்போது ஏ.ஐ.டி. என்ற நொதி அவற்றின் எதிர்ப்பொருள் ஜீனில் மட்டும் எழுத்துகளைக் குலைக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1999-ல் அடையாளம் கண்ட நொதி இது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை விழுகிறது. மற்ற ஜீன்களில் இயல்பாக விழும் பிழையைப் போல சுமார் பத்து லட்சம் மடங்கு. மாறியவற்றில் எது கிருமியை இன்னும் நன்றாகப் பிடிக்கிறதோ, அதற்கு டி செல்கள் கை கொடுக்கின்றன. மற்றவை சாகின்றன. கால் பகுதியை ஐ.ஜி.எம். வகையிலிருந்து ஐ.ஜி.ஜி. வகைக்கு மாற்றும் வேலையையும் இதே நொதிதான் செய்கிறது.

தடுப்பூசி பலன் தருவதும் இந்த முறையால்தான். வினையும் இங்கேயே முளைக்கலாம். பெம்பிகஸ் என்ற நோயில் வாய்க்குள்ளும் தோலிலும் கொப்புளம் வந்து உடையும். தோல் செல்களை ஒன்றோடொன்று கோக்கும் டெஸ்மோகிளைன் என்ற புரதத்தை எதிர்ப்பொருள் தாக்குவதே காரணம். அந்த நோயாளிகளின் எதிர்ப்பொருளை எடுத்து, நிணநீர் முடிச்சில் விழுந்த பிழைகளை எல்லாம் ஆய்வகத்தில் திருத்தி, பிறப்புத் துண்டின் நிலைக்கே திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவு: திருத்திய எதிர்ப்பொருள்கள் டெஸ்மோகிளைனைத் தொடவே இல்லை. நோய் தந்த குணம் முழுக்க அந்த மனிதரின் உடலில் பிறகு உண்டானது. லூபஸில் டி.என்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் பலவற்றிலும் இதே மாதிரி கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பரம்பரை எங்கே வருகிறது?

ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் நான்கில் ஒரு ஜோடிக்குத்தான். முடக்குவாதத்தில் இது இன்னும் குறைவு, நூற்றுக்குப் பதினைந்து ஜோடி அளவு. ஜீன் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி? சூழல் ஒரு காரணம். இன்னொன்று, எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை இரட்டையரும் இரட்டையர் அல்ல; ஆளுக்கொரு விதமாகத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நூற்றுக்குப் பதினைந்து என்பது பொதுமக்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மிகுதிதான் பரம்பரையின் பங்கு.

அதில் பெரும்பங்கு 6-ஆவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. ஜீன்களுடையது. பி செல் தனியாக ஐ.ஜி.ஜி. செய்துவிட முடியாது, டி செல்லின் சம்மதம் வேண்டும். பிடித்த புரதத்தைச் சிறு துண்டாக்கி எச்.எல்.ஏ. மூலக்கூறில் வைத்து டி செல்லுக்குக் காட்ட வேண்டும். எந்தத் துண்டு உங்கள் எச்.எல்.ஏ.வில் நன்றாக உட்காரும் என்பது நீங்கள் பெற்றோரிடம் பெற்ற வகையைப் பொறுத்தது. முடக்குவாதத்தில் இதன் கண்ணி கண்ணியான தொடர்பு தெளிவாகத் தெரியும். புகைபிடிக்கும்போது நுரையீரலில் சில புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருல்லினாக மாறுகிறது. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 ஜீனின் சில வகைகளில் இந்த மாறிய துண்டு நன்றாகப் பொருந்துகிறது. டி செல் சம்மதிக்கிறது; சிட்ருல்லின் கொண்ட புரதங்களுக்கு எதிர்ப்பொருள் பிறக்கிறது. ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டி சி.சி.பி.' என்று பார்ப்பது அதைத்தான். ஸ்வீடனில் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், அந்த ஜீன் வகை இரண்டு பிரதியும் இருந்து புகையும் பிடிப்பவருக்கு, இரண்டும் இல்லாதவரைவிட, இந்த வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு என்று கண்டார்கள். முடக்குவாதம் உள்ள குடும்பத்தில் சிகரெட்டை விடுவதைவிடப் பயனுள்ள முன்னெச்சரிக்கை வேறு இல்லை என்றே நான் சொல்வேன்.

லூபஸில் வேறு கண்ணிகளும் உண்டு. செத்த செல்களின் குப்பையை அள்ள உதவும் சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் லூபஸ் போன்ற நோய் வந்துவிடுகிறது. அள்ளாத குப்பையிலிருந்து கசியும் டி.என்.ஏ.வை பி செல்கள் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.7 என்ற ஜீன் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் வேலை செய்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் சிறு வயதிலேயே லூபஸ் வந்த ஒரு ஸ்பானியச் சிறுமியைப் பற்றிய ஆய்வு 2022-ல் வந்தது. அதே மாற்றத்தை எலிக்குக் கொடுத்தபோது எலிக்கும் லூபஸ் வந்தது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சில செல்களில் டி.எல்.ஆர்.7 மட்டும் அணையாமல் தப்பிவிடுகிறது. இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்டு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஹார்மோன் மட்டும் காரணமில்லை என்பது விளங்கும்.

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தில் மூவருக்கும் மூன்று வேறு நோய்கள் வந்ததும் இதனால்தான். காவலில் உள்ள தளர்ச்சி பொதுவாக இறங்குகிறது. அதில் நழுவிப்போகும் எதிர்ப்பொருள் ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவருக்குத் தைராய்டைத் தொடும், ஒருவருக்கு மூட்டை, ஒருவருக்கு டி.என்.ஏ.வையே.

எதிர்ப்பொருள் மட்டுமே நோயைத் தரப் போதுமா என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயமான அளவுக்கு விழுந்தன, வலிப்பும் வந்தது. சில நாள் கழித்துத்தான் தேறினார். நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று அடுத்தவரின் தட்டணுக்களையும் அழிக்கிறது என்பதை அவர் உயிரைப் பணயம் வைத்துக் காட்டினார். அந்த ஏதோ ஒன்று எதிர்ப்பொருள்தான் என்பது பின்னால் உறுதியானது. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

இயற்கையே செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் தைராய்டின் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இதயம் படபடக்கும், எடை ஏறாது. சில மாதத்தில் தாயின் எதிர்ப்பொருள் கரைந்ததும் குழந்தை தானாகச் சரியாகிவிடும். தசைகள் தளரும் மயஸ்தீனியா நோய் உள்ள தாயின் குழந்தைக்குத் தற்காலிகமாக உறிஞ்சவே தெம்பில்லாமல் போகலாம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியை எதிர்ப்பொருள் மறிப்பதுதான் காரணம். எல்லாமே கரைந்துபோகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் உள்ள தாய்மார்களில் நூற்றுக்கு இருவர் அளவில், கருவின் இதயத்தில் மின்னோட்டப் பாதையே தழும்பாகிவிடுகிறது. அது பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் நடக்கும், திரும்பச் சரியாகாது. லூபஸோ, கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் நோயோ உள்ள பெண் கருத்தரிக்கும் முன்பே இந்த டெஸ்டைச் செய்துகொள்வது மிக மிக முக்கியம். டாக்டர் சொல்லவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அதே சமயம், எதிர்ப்பொருள் இருந்தால் நோய் என்றும் பொருளில்லை. டைப் 1 சர்க்கரை நோயில் கணையத்தை முக்கியமாக அழிப்பவை டி செல்கள். எதிர்ப்பொருள் அங்கே நடப்பதை நமக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. செல்லின் உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்று வந்ததும் தூக்கம் தொலைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ரத்தத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு அது பாசிட்டிவ். 160 மடங்கு நீர்த்தால் இருபதில் ஒருவருக்கு. அறிகுறியே இல்லாதவர்கள் இணையத்தைப் பார்த்து இந்த டெஸ்டைச் செய்துகொள்வதால் வருவது பெரும்பாலும் பயம்தான். மறுபக்கம், உண்மையான லூபஸ் வருவதற்கு வெகு முன்பே எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் வழக்கம் உண்டு. பிற்பாடு லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது 88 சதவீதத்தினருக்கு நோய் தெரிவதற்கு முன்பே எதிர்ப்பொருள் இருந்தது, சிலருக்கு ஒன்பது ஆண்டு முன்பே. ஏ.என்.ஏ. முதலில், டி.என்.ஏ.வுக்கு எதிரானது அப்புறம், எஸ்.எம். என்ற உட்கருப் புரதத்துக்கு எதிரானது நோய்க்குக் கிட்டத்தில் என்று ஒரு வரிசையும் தெரிந்தது. காவல் ஒரே நாளில் உடைவதில்லை, படிப்படியாகத் தளர்கிறது.

'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று சொல்லி விற்கப்படும் எதையும் இந்த நோயாளிகள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது ஏன் என்பதும் இப்போது விளங்கும். இங்கே குறைவது எதிர்ப்பு இல்லை, கட்டுப்பாடு. அதேபோல், "நீ கவலைப்பட்டதால் வந்தது, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது" என்று வீட்டில் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒட்டுமுனையில் எந்த எழுத்து விழ வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை.

சிகிச்சைகளில் ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மெதோட்ரெக்ஸேட் போன்றவை நீண்ட நாள் பழக்கமானவை. ரிட்டுக்ஸிமாப் நேராக பி செல்லைக் குறிவைக்கும். அதன் மேல் உள்ள சிடி20 என்ற புரதத்தைப் பிடித்து அழிக்கும். பெம்பிகஸில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆனால் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்லில் சிடி20 கிடையாது. திசுக்களின் உள்ளே ஒளிந்திருக்கும் பி செல்களும் தப்பிவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியார்க் ஷெட்டின் குழு 2021-ல் இன்னும் ஆழமாகப் போனது. எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் கொண்ட 20 வயதுப் பெண்ணின் சொந்த டி செல்களை எடுத்து, பி செல்லின் மேல் இருக்கும் இன்னொரு புரதமான சிடி19 உள்ள செல்லைத் தேடிக் கொல்லும் ஜீனை அவற்றில் செருகி, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். புற்றுநோய்க்காக உருவான கார்-டி சிகிச்சைதான் இது. 2024-ல் லூபஸ், தசை அழற்சி, தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா என 15 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் லூபஸ் இருந்த எட்டுப் பேரும் நோய் அடங்கி, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். சுமார் நான்கு மாதத்தில் அவர்கள் மஜ்ஜையிலிருந்து பி செல்கள் மறுபடி வந்தன. அதே எச்.எல்.ஏ., அதே வி, டி, ஜே துண்டுகள், ஆனால் புதிதாக வெட்டி ஒட்டியவை, இன்னும் எந்த நிணநீர் முடிச்சிலும் பழகாதவை. டி.என்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருள் அவற்றோடு திரும்பி வரவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது, பின்தொடர்ந்து பார்த்த காலம் குறைவு, செலவோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இந்தப் புதிய செல்கள் பழைய பாதைக்குத் திரும்பாமல் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை இப்போது பல நாடுகளில் நடக்கும் பெரிய சோதனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.